மதுரவாயலில் மறைந்த ஜானகி அம்மாள்: இடம்தான் செடியை உருவாக்குகிறது என்று காட்டிய விஞ்ஞானி

அரக்கோணம் லோக்கலில் ஆவடி, பட்டாபிராம் தாண்டி நெமிலிச்சேரியில் இறங்குபவர்கள் கொஞ்சம் சுற்றிப் பார்த்தால் ஒன்று புரியும். இது பாதி ஊர், பாதி நகரம். ஒரு பக்கம் வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை. மறுபக்கம் ஏரி, வாய்க்கால், மனை போடக் காத்திருக்கும் காலி நிலம். அந்த ஈரமான ஓரங்களில், மழைக்காலத்தையொட்டி வெள்ளை வெளேரென்று பஞ்சு போலப் பூக்கும் நாணலைப் பார்த்திருப்பீர்கள். பைக்கில் போகும்போது அது வெறும் புல்.

அந்தப் புல்லின் செல்லுக்குள் பார்த்த ஒரு பெண் விஞ்ஞானி, அங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் இருக்கும் மதுரவாயலில்தான் தன் கடைசிக் காலத்தைக் கழித்தார். பெயர் ஜானகி அம்மாள். மிச்சிகன், லண்டன் என்று உலகம் சுற்றியவர். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க நேரு அழைத்து வந்தவர். நம்மில் பலர் தினமும் அந்த வழியாக ஆபீஸ் போகிறோம், அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

வட இந்தியாவின் கரும்பு வயல்கள், இமயமலையின் பூக்கள், கேரளத்தின் சைலன்ட் வேலி என்று அவர் வாழ்க்கை எங்கெங்கோ போனது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே கேள்விதான்: ஒரு இடத்தின் குளிர், மழை, உயரம் ஆகியவை அங்கே வாழும் உயிர்களை எப்படி மாற்றுகின்றன?

தலச்சேரியிலிருந்து மெட்ராஸுக்கு

எடவலேத் கக்காட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். அப்போது அது மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். அப்பா கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். இயற்கை மீது ஆர்வம் கொண்டவர், பறவைகளைப் பற்றி எழுதியவர். பெரிய குடும்பம். மொத்தம் 19 பிள்ளைகள், ஜானகி பத்தாவது.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளைக்குப் படிப்பு என்பது கல்யாணம் வரைக்கும்தான். சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் நடந்தது. ஜானகி மெட்ராஸுக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். 1921-இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஹானர்ஸ் முடித்து, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கினார்.

வீட்டில் கல்யாணப் பேச்சு வந்த அதே சமயம், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்பர் உதவித்தொகையும் வந்தது. ஆசியப் பெண்கள் படிப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட உதவித்தொகை அது. ஜானகி கப்பல் ஏறினார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1931-இல் மிச்சிகனில் டாக்டர் பட்டம் பெற்றார். தாவரவியலில் அமெரிக்காவில் அந்தத் தகுதியை எட்டிய முதல் சில இந்தியப் பெண்களில் ஒருவர். அங்கே அவர் கலப்பினமாக உருவாக்கிய ஒரு கத்தரிக்கு ஜானகி கத்தரி என்றே பெயர்.

சரி, குரோமோசோமை ஏன் எண்ண வேண்டும்?

அவருடைய துறை செல் மரபியல். எளிமையாகச் சொன்னால், செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவது, ஒப்பிடுவது.

மனிதர்களுக்கு 46 குரோமோசோம்கள். அம்மாவிடமிருந்து ஒரு செட், அப்பாவிடமிருந்து ஒரு செட், ஆக மொத்தம் இரண்டு செட். செடிகள் இந்த விஷயத்தில் நம்மைவிட ரொம்பத் தாராளம். மூன்று, நான்கு, ஆறு, எட்டு செட்டுகளோடுகூட நன்றாக வாழும். நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் பெரும்பாலான ரகங்கள் மூன்று செட் கொண்டவை. அதனால்தான் அவற்றில் கொட்டை கிடையாது. சப்பாத்திக்கு மாவாகும் கோதுமையில் ஆறு செட். இப்படி இரண்டுக்கு மேல் செட் இருப்பதைத்தான் பாலிப்ளாய்டி என்கிறார்கள். தமிழில் பன்மடியம்.

இந்தக் கூடுதல் செட் எப்படி வருகிறது? பூவில் மகரந்தமோ சூல்முட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரிபாதியாகப் பிரிய வேண்டும். அந்த நேரத்தில் கடுங்குளிர் போன்ற ஓர் அதிர்ச்சி தாக்கினால் பிரிவது தடைபடலாம். பாதிக்குப் பதில் முழு செட்டும் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

இது கோளாறு மாதிரித் தெரியும். பல நேரம் கோளாறுதான், அந்தச் செடி பிழைக்காது. சில சமயம் மட்டும் அதுவே வரமாகிறது. ஒரே மரபணு கூடுதல் பிரதிகளில் இருந்தால், ஒன்று பழைய வேலையைப் பார்க்கும், மற்றொன்று மாறிப் புதிய வேலைக்குப் போகலாம். இன்னொரு விளைவும் உண்டு. செட் எண்ணிக்கை மாறிய செடி, தன் பழைய உறவினர்களோடு எளிதில் கலந்து விதை கொடுக்காது. அதாவது, புது இனம் ஒன்று பிரியத் தொடங்கிவிட்டது.

இனங்கள் பிரிய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று படித்திருப்போம். செடிகளில் இந்த வழி ஒரு குறுக்குப்பாதை.

கோவையும் நாணலும்

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜானகி, 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையத்துக்கு வந்தார்.

அந்த நிலையம் கோவையில் இருப்பதே சுற்றுச்சூழல் சொல்லும் கதைதான். அந்தக் காலத்தில் கரும்பு அதிகம் பயிரானது வட இந்தியாவில். ஆனால் அங்கே கரும்பு சரியாகப் பூப்பதில்லை. பூக்காவிட்டால் கலப்பினம் செய்ய முடியாது. கோவையின் தட்பவெப்பத்தில் அதே கரும்பு பூத்தது, விதையும் பிடித்தது. அதனால் 1912-இல் ஆய்வு நிலையம் இங்கே வந்தது. ஒரே செடி, இடம் மாறியதும் அதன் நடத்தையே மாறுகிறது.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. இனிப்பான, தடித்த கரும்பு வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. தாங்கும் சக்தி யாரிடம் இருந்தது? ஏரிக்கரை நாணலிடம். கரும்பின் காட்டுச் சொந்தக்காரன் அது. பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பையும் கோவையின் காட்டுக் கரும்பையும் கலந்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் பயிராகும் கரும்பில் இந்தக் காட்டுப் புல்லின் ரத்தம் ஓடுகிறது.

ஜானகி அந்த நாணலை எடுத்து அதன் குரோமோசோம்களை எண்ணினார். இந்தியாவின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த நாணல்கள் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. உள்ளே எண்ணிக்கை வேறுவேறாக இருந்தது. இன்றைய கணக்குப்படி நாணலில் குரோமோசோம் எண்ணிக்கை 40-இலிருந்து 128 வரை போகிறது. கோவை நாணலுக்கு 64. புத்தகத்தில் பெயர் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதன் சொந்த நாணல்.

கரும்பை மக்காச்சோளத்தோடு, சோளத்தோடு, வேறு காட்டுப் புற்களோடு சேர்த்தும் அவர் சோதனை செய்தார். 1935-இல் இந்திய அறிவியல் அகாடமியின் உறுப்பினராகத் தேர்வானார். ஆனாலும் தனியாக வாழும் பெண், அதுவும் பிற்படுத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் என்பதால் அன்றைய ஆய்வுலகம் அவருக்கு எளிதாக இருக்கவில்லை.

குண்டு மழைக்கு நடுவே

1939-இல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார். அதே நேரம் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1940 முதல் 1945 வரை லண்டன் அருகே மெர்டனில் இருந்த ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை. இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார். காலையில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்.

அந்த ஆண்டுகளில் சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் 1945-இல் வெளியானது. உலகின் எந்தப் பயிருக்கு எத்தனை குரோமோசோம், அது எந்த நிலப்பகுதியிலிருந்து வந்தது என்று ஒரே இடத்தில் தொகுத்த நூல். தாவர ஆராய்ச்சியாளர்கள் பல காலம் கையில் வைத்திருந்த நூல்.

அடுத்து விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைக் கழகம். அங்கே மக்னோலியா மரக்கன்றுகளில் கால்சிசின் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தி குரோமோசோம் செட்டை இரட்டிப்பாக்கினார். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நச்சுப்பொருள்தான் கால்சிசின். அன்று அவர் வளர்த்த வகையில் ஒன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. விஸ்லி தோட்டத்தில் இன்றும் வெள்ளையாகப் பூக்கிறது.

இமயமலை சொன்ன பதில்

ஜானகியின் பெயர் சுற்றுச்சூழல் அறிவியலில் நிற்பதற்கு முக்கியக் காரணம் ரோடோடென்ரான் என்ற பூமரம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ரத்தச் சிவப்பில் பூக்கும் காட்டுப் பூவரசைப் பார்த்திருந்தால், அது இந்தக் குடும்பம்தான். தென்னிந்தியாவில் இந்த ஒன்றுதான் இயற்கையாக வளர்கிறது. இந்தியா முழுக்க 80-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பான்மை சிக்கிம், அருணாசலப் பிரதேசம் போன்ற கிழக்கு இமயப் பகுதிகளில். மேற்கு இமயமலையில் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

ஏன் இந்த வித்தியாசம்? இரண்டு பக்கமும் குளிர்தான், இரண்டு பக்கமும் உயரம்தான்.

1950-இல் ஜானகியும் உடன் பணியாற்றியவர்களும் ரோடோடென்ரான் இனங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை வெளியிட்டார்கள். அடிப்படை செட்டில் 13. சாதாரணச் செடியில் 26. ஆனால் சில இனங்களில் 52, 78 என்று ஏறிக்கொண்டே போனது. இப்படி ஏறியவற்றில் பல, இமயமலையின் உயரமான பகுதிகளைச் சேர்ந்தவை.

இதுபோன்ற கணக்குகளிலிருந்து அவர் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். வடமேற்கு இமயமலை குளிரும் வறட்சியும் சேர்ந்தது. வடகிழக்கு, குளிரும் ஈரமும் சேர்ந்தது. வடகிழக்கில் பன்மடியம் கொண்ட செடிகள் அதிகம், அதனால் புது இனங்கள் பிறக்கும் வேகமும் அங்கே அதிகம் என்றார்.

கூடவே இன்னொன்றையும் கவனித்தார். வடகிழக்கு இந்தியா தாவரங்களுக்கு ஒரு ஜங்ஷன் மாதிரி. சீனப் பக்கத்துச் செடிகளும், மலாய்ப் பகுதிச் செடிகளும், உள்ளூர்ச் செடிகளும் சந்திக்கும் இடம். சந்தித்தால் கலப்பு நடக்கும். கலப்பில் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாக இருக்கும். ஆனால் அதன் குரோமோசோம் செட் இரட்டித்தால், மலட்டுத்தன்மை நீங்கி அது சொந்தமாக விதை கொடுக்க ஆரம்பிக்கலாம். கலப்பும் இரட்டிப்பும் கைகோத்தால் ஒரு புது இனம்.

இன்றைய அறிவியல் இதோடு வேறு காரணங்களையும் சேர்க்கிறது. பனியுகங்கள், மலை எழும்பிய வரலாறு, மழையின் அளவு, பள்ளத்தாக்குகளின் தனிமை எல்லாமே பங்கு வகிக்கின்றன. ஆனால் அவர் எடுத்த நூலின் முனை அறுபடவில்லை. 2019-இல் வெளியான உலக அளவிலான ஆய்வு ஒன்று, வெப்பமண்டலத்திலிருந்து துருவத்தை நோக்கிப் போகப் போகப் பன்மடியச் செடிகளின் விகிதம் கூடுகிறது என்றும், அதற்கும் தட்பவெப்பத்துக்கும், முக்கியமாக வெப்பநிலைக்கும் தொடர்பு உண்டு என்றும் காட்டியது.

37 மைல் போய்ப் பார்த்த சாம்பல்

1951-இல் நேருவின் அழைப்பில் இந்தியா திரும்பினார் ஜானகி. 1890-இல் ஆங்கிலேயர் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு. அதுவரை இந்தியச் செடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ளவே லண்டன் போக வேண்டிய நிலை. மாதிரிகள் அங்கேதான் குவிந்திருந்தன. நம் செடிகளை நாமே, அவை வளரும் இடத்திலேயே படிக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

ஆனால் நாடு வேறு அவசரத்தில் இருந்தது. பஞ்சத்துக்குப் பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்க, காடுகள் வேகமாக விளைநிலங்கள் ஆகிக்கொண்டிருந்தன. ஒருமுறை, அந்த வட்டாரத்திலேயே மிஞ்சியிருந்த ஒரே ஒரு அரிய மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார். போய்ப் பார்த்தால் மரம் எரிக்கப்பட்டிருந்தது. அந்த வருத்தத்தை டார்லிங்டனுக்குக் கடிதமாக எழுதினார்.

குரோமோசோம் எண்ணும் ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த மலையில், அந்த ஈரத்தில், எத்தனையோ தலைமுறையாக உருவான ஒன்று. எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே போய்விட்டது.

1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஒரு பெரிய மாநாடு. பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றுகிறான் என்பதுதான் பொருள். அதில் பங்கேற்ற ஒரே பெண் ஜானகி. இந்தியாவின் பழங்குடிகளும் சிறு விவசாயிகளும் தங்கள் சுற்றுப்புறச் செடிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எப்படிக் காக்கிறார்கள் என்பதைப் பற்றி அங்கே பேசினார்.

மதுரவாயல் நாட்கள்

அலகாபாத், ஜம்மு, கொஞ்ச காலம் டிராம்பே. அதன்பின் 1970 நவம்பரில் மெட்ராஸுக்கே திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. தங்கியது, வேலை செய்தது எல்லாம் மதுரவாயலில் இருந்த அந்த மையத்தின் கள ஆய்வுக்கூடத்தில். இன்று மேம்பாலமும் டிராஃபிக்குமாக இருக்கும் மதுரவாயல், அன்று நகரத்துக்கு வெளியே.

அங்கே மூலிகைத் தோட்டம் போட்டார். பூனைகளும் நிறைய வளர்த்தார். ஒரே தாயின் குட்டிகளுக்குள் இருக்கும் நுட்பமான வேறுபாடுகளைக்கூடக் கவனித்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடுமா?

1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அந்தச் சமயத்தில்தான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சைலன்ட் வேலி பிரச்சினை சூடு பிடித்தது. குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டினால் மழைக்காட்டின் ஒரு பகுதி மூழ்கும். ஆசிரியர்கள், கவிஞர்கள், விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். சிங்கவால் குரங்கு அந்தப் போராட்டத்தின் முகமாக மாறியது.

எண்பது வயதை ஒட்டிய ஜானகியும் அதில் இறங்கினார். தனக்குத் தெரிந்த வேலையைக் கையில் எடுத்தார்: அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம் கணக்கெடுப்பு. காடு மூழ்கினாலும் அங்கே என்ன இருந்தது என்ற பதிவாவது மிஞ்ச வேண்டும் அல்லவா?

1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில், வேலைக்கு நடுவிலேயே ஜானகி அம்மாள் காலமானார். வயது 86. அதே ஆண்டு நவம்பர் 15-இல் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இதுக்கும் நெமிலிச்சேரிக்கும் என்ன சம்பந்தம்?

சாலைக்கோ கட்டடத்துக்கோ ஒரு மரத்தை வெட்டும்போது, வேறு இடத்தில் பத்துக் கன்று நட்டுவிடுவோம் என்று சொல்வது வழக்கம். ஏரியின் ஓரத்தைச் சுருக்கிவிட்டு, மிச்ச இடத்தில் நடைபாதையும் அழகுச் செடியும் வைப்பதும் வழக்கம். கணக்கில் பச்சை குறையவில்லை. பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

ஜானகியின் வாழ்நாள் வேலை இந்தக் கணக்கில்தான் கேள்வி எழுப்புகிறது. நாணல் என்ற பெயர் இந்தியா முழுக்க ஒன்றுதான். உள்ளே இருப்பது இடத்துக்கு இடம் வேறு. நம்ம ஊர் வெயிலையும், அக்டோபர் நவம்பர் வெள்ளத்தையும், அடுத்த கோடையில் வெடிக்கும் களிமண்ணையும் தாங்கிப் பழகிய செடி, நர்சரியிலிருந்து வந்து இறங்கும் செடி அல்ல. கோவையின் ஒரு காட்டுப் புல் இல்லாமல் போயிருந்தால் வட இந்தியாவின் கரும்பு வயல்கள் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும். அந்தப் புல்லை யாரும் நட்டு வளர்க்கவில்லை. அது இருந்த இடம் அப்போது அழியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

வெப்பநிலை ஏறி, மழையின் காலம் மாறிவரும் இந்த நேரத்தில், அடுத்து எந்தப் புல் நமக்குத் தேவைப்படும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு ஏரிக்கரையைச் சமன்படுத்தும் முன் அங்கே என்ன வளர்கிறது, எந்தப் பறவை எப்போது வருகிறது என்று எழுதி வைப்பதாவது அவசியம். இதற்கு மைக்ராஸ்கோப் தேவையில்லை. ஒரு செல்போனும், வாரத்துக்கு அரை மணி நேரமும் போதும். ஒரே ஏரிக்கரையை மழைக்கு முன்பும் பின்பும் படம் எடுத்து வைத்தாலே அது ஒரு பதிவு.

நெமிலிச்சேரிக்குத் தெற்கே ஓடும் கூவம்தான் திருவேற்காடு தாண்டி மதுரவாயல் வழியாகச் சென்னைக்குள் நுழைகிறது. அதன் கரையோரப் பகுதியில்தான் அந்தப் பெண்மணி தன் கடைசி 13 ஆண்டுகளைச் செடிகளோடு கழித்தார். தாவர வகைப்பாட்டியலில் சிறந்து விளங்குபவர்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அவர் பெயரில் விருது வழங்குகிறது. ஜம்முவில் ஒரு தாவர சேகரிப்பகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கொடைக்கானலைச் சேர்ந்த ரோஜா வளர்ப்பாளர்கள் ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை ஸ்டேஷனுக்கு நடக்கும்போது வெள்ளையாக ஆடும் அந்த நாணல் கண்ணில் பட்டால், ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதற்குள் எத்தனை குரோமோசோம் என்று ஒருவேளை இன்னும் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.